பட்டினியில் சாகாதவர் சாப்பிட்ட பிறகு ஏன் சாகிறார்?

அவ்வப்போது இப்படி ஒரு செய்தி வருகிறது. உடல் மெலிய வேண்டும் என்று வாரக்கணக்கில் வெந்நீரும் பழச்சாறுமாக இருந்த ஒருவர் மயங்கி விழுகிறார். மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றப்படுகிறது, வீட்டார் ஊட்டிவிடுகிறார்கள், முகத்தில் தெளிவு வருகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இறந்துவிடுகிறார். செய்தியைப் படித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி நியாயமானது: சாப்பிடாமல் இருந்த நாட்களில் போகாத உயிர், சாப்பிடத் தொடங்கிய பிறகு எப்படிப் போனது? இரண்டாவது, கேள்வியாக வராமல் தீர்ப்பாகவே வருகிறது: வீட்டில் சோறு இருந்தும் சாப்பிடாமல் கிடந்தது திமிர்தானே?

முதல் கேள்விக்கு உயிர்வேதியியலில் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையைப் புரிந்துகொண்டால் இரண்டாவது தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதும் தெரிந்துவிடும்.

‘அத்தியாவசியம்’ என்றால் ‘முக்கியம்’ அல்ல

ஊட்டச்சத்து பற்றிய குழப்பங்களில் பாதி இந்தச் சொல்லில் தொடங்குகிறது. பேச்சுவழக்கில் அத்தியாவசியம் என்றால் மிகவும் தேவையானது. உயிரியலில் அதற்குக் குறுகலான, கறாரான பொருள் உண்டு: உடலுக்குத் தேவை, ஆனால் உடலால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது, அல்லது போதுமான அளவு தயாரிக்க முடியாது. எனவே வெளியிலிருந்து வந்தே தீர வேண்டும்.

இந்தப் பொருளில் பார்த்தால் சில விசித்திரங்கள் தெரியும். கொலஸ்ட்ரால் இல்லாமல் ஒரு செல்லின் சவ்வுகூட நிற்காது. ஆனாலும் அது அத்தியாவசியச் சத்து அல்ல, கல்லீரலே செய்துகொள்கிறது. மூளை பெரும்பாலும் குளுக்கோஸில்தான் ஓடுகிறது. குளுக்கோஸும் அத்தியாவசியம் அல்ல. மாவுச்சத்து வராவிட்டால் கல்லீரல் புரதத்தை உடைத்தாவது அதைத் தயாரித்துவிடும். வைட்டமின் சி ஆட்டுக்கு அத்தியாவசியம் அல்ல, மனிதனுக்கு அத்தியாவசியம். ஆட்டின் கல்லீரல் அதைத் தயாரிக்கிறது. நம் மூதாதை உயிரினங்கள் பரிணாமத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தத் திறனை இழந்துவிட்டன.

மனித உடலின் அத்தியாவசியப் பட்டியல் நீண்டதும் அல்ல. புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 9. கொழுப்பு அமிலங்களில் 2. வைட்டமின்கள் 13. இரும்பு, துத்தநாகம், அயோடின், கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் என்று ஏறக்குறைய 15 தாதுக்கள். பிறகு தண்ணீர்.

கலோரி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலோரி ஆற்றலின் அளவு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. எந்த உணவிலிருந்து வந்தாலும் ஆற்றல் ஆற்றல்தான். அத்தியாவசியச் சத்துக்கள் தனிக் கணக்கு. ஒரு கணக்கு நிரம்பி வழியும்போதே இன்னொன்று காலியாக இருக்கலாம். தமிழ்நாடே இதற்குச் சான்று. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு எண்களையும் கூட்டினால் நூறை எட்டவில்லை என்று சமாதானம் சொல்ல வேண்டாம். இரண்டும் ஒரே உடலில் இருப்பதை எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம்.

இருப்பு எத்தனை நாள் தாங்கும்?

உணவு நின்றால் எல்லாச் சத்தும் ஒரே நாளில் தீர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கெடு.

1. சர்க்கரை: கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் தசைகளில் 400 கிராமும் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் இருக்கும். கல்லீரல் இருப்பு ஒரு நாளுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். முதல் வாரத்தில் எடை ‘மளமளவென்று’ குறைவதற்குக் காரணம் கிளைகோஜனும் அதோடு பிணைந்திருக்கும் தண்ணீரும் வெளியேறுவதுதான். டயட் விளம்பரங்கள் இந்தத் தண்ணீரைத்தான் கொழுப்பு என்று விற்கின்றன.

2. தயமின் என்ற வைட்டமின் பி1: உடல் முழுவதையும் திரட்டினாலும் 25 முதல் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போகும் பெயர் இது.

3. வைட்டமின் சி: ஒன்று முதல் மூன்று மாதங்கள். பிறகு ஈறுகளில் ரத்தம் கசியும்.

4. வைட்டமின் பி12: கல்லீரல் இருப்பு ஆண்டுக்கணக்கில் வரும். அதனால்தான் உணவுமுறையை மாற்றிய ஒருவருக்கு உடனே ஒன்றும் தெரிவதில்லை. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

5. கால்சியம்: உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அது பெரிய வைப்புநிதி, எடுக்கலாம். ஆனால் இருபதுகளின் இறுதிக்குப் பிறகு திரும்பப் போடுவது மிகக் கடினம்.

6. புரதம்: இதற்குச் சேமிப்புக் கிடங்கே கிடையாது. கொழுப்புக்கு இருப்பதுபோல் தனி இடம் புரதத்துக்கு இல்லை. தேவைப்படும்போது உடல் கைவைப்பது வேலை செய்துகொண்டிருக்கும் தசையில். இதயமும் ஒரு தசைதான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது; அதைத் தவறவிட்டால் மீதி எதுவும் விளங்காது. ரத்தம் ஒரு சந்தை, கிடங்கு அல்ல. சந்தையில் சரக்கு குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் உடலின் முதல் வேலை. ரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினாலும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்துக் கொட்டிவிடும். பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது சிறு துளி. பட்டினியில் செல்கள் சுருங்கும்போது உள்ளே இருக்கும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் வெளியே வந்து ரத்தத்தை நிரப்புகின்றன. ஆகவே பரிசோதனை அறிக்கையில் எல்லா எண்களும் வரம்புக்குள் இருக்கும். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கிடங்கு காலியாவதால்தான் சந்தை நிறைந்திருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

புழுங்கலரிசி காத்த கதை

ஒரே ஒரு சத்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது அரிசியிலிருந்து. அந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

தயமின் குறைவால் வரும் நோய் பெரிபெரி. பலவீனம் என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாக அகராதிகள் கூறுகின்றன. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் பெரிதாகிச் செயலிழக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி ஆலைகள் அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தள்ளத் தொடங்கியதும் கிழக்காசியா முழுவதும் இது பரவியது. தயமின் தவிட்டில் இருக்கிறது. தவிடு போனால் அதுவும் போகும். இது அப்போது யாருக்கும் தெரியாது. 1880களில் ஜப்பான் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ மாலுமிகளின் உணவை மாற்றியே நோயை அடக்கினார். ஆனால் குறை புரதத்தில் என்று நினைத்தார். 1890களில் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் எய்க்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதையும் தவிடு கொடுத்தால் அவை எழுவதையும் கண்டார். மாவுப்பொருளில் ஏதோ விஷம் இருப்பதாகக் கருதினார். 1901இல் அவருடைய சகா கிரைன்ஸ்தான் சரியாகச் சொன்னார்: இருக்கும் ஒன்றால் வரும் நோய் அல்ல, இல்லாத ஒன்றால் வரும் நோய்.

அதே காலத்தில் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒரு முரணைக் கவனித்தார். சயாம் பச்சரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக இறந்தனர். அதே நாட்டில், அவர்களைப் போலவே அரிசியை நம்பி வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் பெரிபெரி அரிதாகவே இருந்தது. காரணம், தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களைத்தான் நோய் வாரிக்கொண்டு போனது. சம்மதம் கேட்காமல் நோயாளிகள்மேல் நடத்திய சோதனை அது. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது.

1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது உபரிச் செய்தி.

தயமினின் வேலை என்ன? குளுக்கோஸை ஆற்றலாக மாற்றும் வேதிப்பாதையில் அது ஒரு சாவி. சாவி இல்லையென்றால் குளுக்கோஸ் பாதி வழியில் நின்று லாக்டிக் அமிலமாகத் தேங்கும். இதயமும் மூளையும்தான் முதலில் தடுமாறும். இதில் ஒரு கொடிய தர்க்கம் இருக்கிறது: குளுக்கோஸ் அதிகமாக வரவர, தயமின் தேவையும் ஏறுகிறது.

சோறு வந்ததும் என்ன நடக்கிறது?

பட்டினியில் உடல் எரிபொருளை மாற்றிக்கொள்கிறது. முதலில் கிளைகோஜன், பிறகு கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்கள். இன்சுலின் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். இதயத் துடிப்பு குறையும், உடல் குளிரும், மாதவிடாய் நிற்கும். தண்ணீர் மட்டும் குடித்தால் மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்பதற்கு உண்ணாவிரத வரலாறு சான்று தருகிறது: 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் உணவை மறுத்த 10 பேர் 46 முதல் 73 நாட்களுக்குள் இறந்தனர். தண்ணீரும் இல்லையென்றால் கணக்கே வேறு. 1987 செப்டம்பரில் நல்லூரில் நீரும் அருந்தாமல் இருந்த திலீபன் 12ஆம் நாளில் இறந்தார்.

வாரக்கணக்கில் இப்படி ஒடுங்கியிருக்கும் உடலுக்குள் திடீரென்று ஒரு தட்டுச் சோறோ, ஒரு பாட்டில் குளுக்கோஸோ போனால் நடப்பது இது:

1. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உறங்கிக் கிடந்த இன்சுலின் பாய்ந்து வருகிறது.

2. செல்கள் திறந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. அதைப் பயன்படுத்தப் பாஸ்பேட் வேண்டும். பொட்டாசியமும் மக்னீசியமும் கூடவே உள்ளே போகின்றன.

3. கிடங்கு ஏற்கெனவே காலி. இப்போது சந்தையும் காலியாகிறது. நேற்றுவரை வரம்புக்குள் இருந்த பாஸ்பேட் சில மணி நேரங்களில் சரிகிறது.

4. பாஸ்பேட் இல்லாமல் செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்க முடியாது. மூச்சுவிட உதவும் உதரவிதானம் சோர்கிறது, இதயத் தசை தளர்கிறது.

5. பொட்டாசியமும் மக்னீசியமும் சரிந்ததால் இதயத் துடிப்பின் தாளம் தவறுகிறது.

6. மிஞ்சியிருந்த தயமின் துளியும் செலவாகிறது. குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம்.

7. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. மெலிந்த இதயத்தின் மேல் அந்தச் சுமையும் ஏறுகிறது. கால் வீங்குவதைப் பார்த்து ‘உடம்பு தேறுகிறது’ என்று வீட்டார் மகிழ்ந்துவிடலாம்.

இதற்கு மருத்துவத்தில் மீளூட்டக் கோளாறு என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது முகாம்களிலிருந்து மீட்கப்பட்டு, அன்போடு ஊட்டப்பட்டவர்களில் பலர் இறந்தபோதுதான் மருத்துவ உலகம் இதைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கியது. உணவு தொடங்கிய முதல் ஐந்து நாட்கள்தான் ஆபத்தின் உச்சம். 2006இல் வெளியான பிரிட்டன் அரசு மருத்துவ வழிகாட்டுதல், பத்து நாட்களுக்கு மேல் அனேகமாக எதுவும் சாப்பிடாதவரை உயர் ஆபத்துள்ளவராகக் கருதச் சொல்கிறது. உணவுக்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டும், மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும், பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் அடிக்கடி அளக்க வேண்டும் என்கிறது. எந்த வேகத்தில் ஏற்றுவது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. கண்காணிப்பு இருக்கும் இடத்தில் வளரிளம் பருவத்தினருக்குச் சற்று வேகமாக ஏற்றலாம் என்ற கருத்து அண்மை ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. தயமின் முதலில் என்பதில் விவாதம் இல்லை.

ஆக, சாப்பாடு கொன்றது என்பது சரியல்ல. பட்டினி செய்துவைத்த வேலையைச் சாப்பாடு வெளிக்கொண்டுவந்தது.

பசி மனத்தை என்ன செய்கிறது?

இனி அந்தத் ‘திமிர்’ தீர்ப்புக்கு வரலாம்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சிப்படி மறுத்தவர்கள் அவர்கள். பட்டினியில் வாடும் ஐரோப்பாவை எப்படித் தேற்றுவது என்று கண்டறியத் தம் உடலைத் தந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முதல் 12 வாரம் வழக்கமான உணவு. அடுத்த 24 வாரம் அதில் ஏறக்குறைய பாதி, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று இணையத்தில் சுற்றும் பல டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாக எழுதித் தருகின்றன என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

எடையில் கால் பங்கு போனது. அது எதிர்பார்த்ததுதான். மனத்தில் நேர்ந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. எந்நேரமும் உணவைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் துண்டு துண்டாகப் பிரித்து நீட்டித்தார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். எரிச்சல், சோர்வு, மனம் உடைந்துபோகும் விளிம்பு. ஒருவர் கோடரியால் தம் விரல்களையே வெட்டிக்கொண்டார். மீண்டும் உணவு கொடுத்தபோது சிலர் வயிறு வெடிக்கும் அளவுக்குச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக முடிவுகள் வெளிவந்தன.

உணவைத் துண்டாக்கி அலைக்கழிப்பது, பிறருக்குச் சமைத்துப்போட்டுத் தான் உண்ணாதிருப்பது, ஒதுங்குவது, எரிந்துவிழுவது, அடக்க முடியாமல் உண்பது. உண்ணுதல் கோளாறு கொண்ட ஒருவரின் வீட்டார் சொல்லும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். அவற்றில் பலவற்றுக்கு அவர்களின் குணம் காரணமில்லை, பசியே காரணம். நோய் பட்டினியை உண்டாக்குகிறது. பட்டினி நோயை இறுக்குகிறது. சங்கிலி எங்கே தொடங்கினாலும் அதை அறுக்க வேண்டிய முதல் கண்ணி உணவு. எடையை மீட்காமல் புத்திமதி மட்டும் சொல்வது பலிக்காததற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மினசோட்டா இளைஞர்கள் சாப்பிட ஏங்கினார்கள். அனோரெக்ஸியா என்ற உண்ணுதல் கோளாறு கொண்டவர் பசியோடு இருந்தும் உணவைக் கண்டு அஞ்சுகிறார். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. ஏறக்குறைய 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, மனநலத்தோடு மட்டுமின்றி வளர்சிதை மாற்றத்தோடும் இந்நோய்க்கு மரபுத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. மரபு விதைதான். அது முளைக்கும் மண்ணைச் சூழல் தருகிறது.

பெயர்களும் எல்லைகளும்

அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரை 1870களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்தார். தொலைக்காட்சியும் இணையமும் தோன்றுவதற்கு வெகு முன்பே இருந்த நோய் இது. உடலுக்குத் தேவையான அளவைவிடக் குறைவாக உண்பது, எடை கூடுவதில் தீவிர அச்சம், தன் உடலைப் பார்க்கும் பார்வையே பிறழ்ந்திருப்பது ஆகியவை அடையாளங்கள். மனநோய்களில் மிக அதிக உயிர்களைக் கொள்ளும் நோய்களில் ஒன்று. சம வயதினரோடு ஒப்பிட்டால் இறப்பு ஐந்து மடங்குக்கு மேல். இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர்.

புலிமியா நெர்வோசாவை 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் தனி நோயாக விவரித்தார். கட்டுப்பாடின்றி உண்பதும், பிறகு வாந்தியெடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்ட முயல்வதும் சுழற்சியாக வரும். இதில் ஏமாற்றுவது எடை. பெரும்பாலும் இயல்பான எடையிலேயே இருப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பொட்டாசியம் இழப்பால் இதயம் எந்த நாளும் தாளம் தவறலாம். பல்லின் எனாமல் அரித்திருப்பதைப் பார்த்துப் பல் மருத்துவர்தான் பலமுறை முதலில் கண்டுபிடிக்கிறார். ஈடுகட்டும் முயற்சி இல்லாமல், அடக்க முடியாத உண்ணுதல் மட்டும் மீண்டும் மீண்டும் வந்தால் அது மிகையுண்ணல் கோளாறு. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு அதைத் தனி நோயாக ஏற்றது. அனோரெக்ஸியாவுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்போதே நீக்கியது. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் வரும் நோயை அந்த நிபந்தனை மறைத்துக்கொண்டிருந்தது.

இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வராது என்ற எண்ணத்தை இரண்டு ஆய்வுகள் அசைக்கின்றன. பருத்த உடலையே அழகென்று கொண்டாடிய பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அந்த ஆண்டிலும் 1998லும் அங்கிருந்த பூர்வகுடிப் பள்ளி மாணவியரிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் ஒரே வினாத்தாளைக் கொடுத்தார். உண்ணும் மனப்பாங்கில் கோளாறு காட்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானார்கள். எடை குறைக்க வாந்தியெடுத்தவர் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் 11.3 சதவீதம். இரு முறையும் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களே பங்கேற்றனர், வினாத்தாள் மதிப்பெண் நோய்க்கணிப்பும் அல்ல. ஆனாலும் திசை தெளிவு.

மற்றது ஹாங்காங்கில். 1993இல் சிங் லீயும் சகாக்களும் 70 நோயாளிகளை விவரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ‘குண்டாகிவிடுவேன்’ என்ற அச்சமே இல்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, பசியில்லை என்றார்கள். நம் வீடுகளுக்கு இந்த ஆய்வு முன்னதைவிட நெருக்கமானது என்பது என் கருத்து. வயிறு மந்தம், அசிடிட்டி, விரதம் என்ற சொற்கள் இங்கே கேள்வி கேட்கப்படாமல் கடந்துபோகும். விரதம் நோயல்ல, முடியும் நாள் தெரிந்தது, ஊரறிய இருப்பது. முடிவே இல்லாமல் நீள்வதும், மறைப்பதும், ஒவ்வொரு மாதமும் புதுக் காரணம் சேர்வதும்தான் கவனிக்க வேண்டியவை. கூடவே மாதவிடாய் நின்றுபோதல், எழுந்தால் கண் இருட்டுதல், வெயிலிலும் குளிர்தல், சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போதல், தாடையோரம் கன்னம் வீங்குதல்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

இந்தப் பகுதியை நீட்டத் தேவையில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இது: மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பருப்பு, பயறு, இறைச்சி வகைகள் 15 சதவீதம் வரை இருக்கட்டும். தட்டில் பாதி காய், கீரை, பழங்களுக்கு. நமது வழக்கமான தட்டில் சோறு குன்றாகவும் பொரியல் திலகமாகவும் இருப்பதை நினைத்தால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியும். சோறும் பருப்பும் சேர்ந்தால் மட்டும் நமது தட்டு விஞ்ஞானத்தை முந்திக்கொண்டது: அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. இட்லியில் உளுந்து செய்யும் வேலையும் இதுதான்.

நோய் வந்துவிட்டவருக்கு இந்த அட்டவணை போதாது. நலமாக இருப்பவருக்கு எழுதப்பட்ட ‘இதைக் குறை, அதைத் தவிர்’ என்ற அறிவுரை, அனோரெக்ஸியா கொண்டவரிடம் போனால் நோயின் கையில் ஆயுதமாகிவிடும். வளரிளம் பருவத்தினருக்குப் பெற்றோரே உணவின் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மருத்துவக் குழுவின் துணையோடு எடையை மீட்கும் குடும்பவழிச் சிகிச்சைக்கு நல்ல சான்றுகள் உள்ளன. புலிமியாவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஆகிய எண்களை அழைக்கலாம்.

நீண்ட நாள் சரியாக உண்ணாத ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, எத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். சோடியமும் பொட்டாசியமும் வழக்கமான பரிசோதனையில் வந்துவிடும்; பாஸ்பேட்டைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டு எழுதிவாங்க வேண்டும். சேர்த்த அன்று ஒருமுறை பார்த்தால் போதாது, மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும்.